கனவும் கேட்போரும்

அகத்திணைப் பாடல்களுள், பிரிந்த துணையைக் கனவிற் கண்டதாகக் கூறுவன பல உள. அவற்றைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இருவழிகளுள் ஒன்றைக் கைக்கொள்வர். ஒரு சாரார் கனவைப் பிரிவாற்றாமையின் அடையாளங்களுள் ஒன்றெனக் கொண்டு, பசலை, வளை நெகிழ்தல், துயிலின்மை என்பவற்றோடு வரிசைப்படுத்தி மேலே செல்வர். மற்றொரு சாரார் அதனை வருவது உணர்த்தும் நிமித்தமாகக் கொண்டு காப்பியக் கனவுகளோடு சேர்த்து எண்ணுவர். முதுகலை மாணவர்தம் ஆய்வேடுகளிலும் கனவுகளின் தொகை கிடைக்கின்றதேயன்றி, அவற்றின் பயன் ஆராயப்பெறுதல் அரிது. இவர் அனைவரும் ஒன்றை நோக்காது விடுகின்றனர். பாட்டில் நமக்குக் கிடைப்பது கனவைப் பற்றிய கூற்றே. ஒருவர் கண்ட கனவைப் பிறர் காணார். கண்டவர் வாய் திறந்து உரைத்தாலன்றி அஃது உலகிற்கு இல்லை. ஆகவே, யார் கண்டார், என்ன கண்டார் என்னும் வினாக்களோடு, யாரிடம் உரைத்தார், எதன்பொருட்டு உரைத்தார் என்னும் வினாக்களும் எழுதல் வேண்டும். திருக்குறளில் கனவு பற்றிய அதிகாரம் கனவுநிலையுரைத்தல் எனவும், சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் கனவு அமைந்த பகுதி கனாத்திறம் உரைத்த காதை எனவும் பெயர் பெற்றிருத்தல் ஈண்டு நினையத்தக்கது. இரண்டிலும் உரைத்தல் என்னும் சொல் விடாது நிற்கின்றது.

இவ்வினாவை இப்பொழுது எழுப்புதற்கு வேறொரு காரணமும் உண்டு. உறங்குபவர், தாம் காண்பது கனவே என்பதைக் கனவின் உள்ளிருந்தே அறிந்திருத்தலும், சிலபோது அக்கனவைத் தம் விருப்பின்வழிச் செலுத்துதலும் உண்டு என்பதை இற்றை அறிவியல் ஒப்புகின்றது. இதனைத் தெளிநிலைக் கனவு என யாம் குறிப்போம். இதனினும் சிறந்த பெயரைப் பிறர் தருவராயின் ஏற்போம். உறங்கும்போதே, இது கனவு என்று உள்ளத்துள் ஒன்று சொல்வதுண்டு என அரிஸ்டாட்டில் முன்னரே குறித்துள்ளார். 1913இல் டச்சு மருத்துவரும் எழுத்தாளருமாகிய பிரெடெரிக் வான் ஈடன் தம் கனவுகளை ஆராய்ந்து இதற்குத் தனிப்பெயர் இட்டார். 1953இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தார், விழிகள் விரைந்து இயங்கும் உறக்கநிலையைக் கண்டறிந்து வெளியிட்டனர். அந்நிலையில் உடலின் தசைகள் பெரும்பாலும் செயலற்றுக் கிடப்ப, விழிகள் மட்டும் இயங்கும். இதனைப் பயன்கொண்டு 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பார், கனவு காண்பவர் ஒருவர் முன்னரே பேசிவைத்தவாறு விழிகளை இடமும் வலமும் அசைத்து, தாம் கனவில் இருப்பதைத் தெரிவித்தமையைக் கருவியாற் பதிவு செய்தார். 1981இல் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸ்டீபன் லபெர்ஜ் இத்தகைய ஆய்வை விரிவாக வெளியிட்டார். 2021இல் வெளிவந்த ஆய்வொன்றிலோ, உறங்குவோரிடம் எளிய கணக்குகளைக் கேட்டு, அவர் கனவினுள் இருந்தே விழியசைவால் விடை கூறியமையும் காட்டப்பெற்றது. இச்செய்திகள் பரவுந்தோறும், இவற்றைத் தமிழ்ச் சான்றோர் அன்றே கண்டனர் என்று மொழியும் ஆர்வம் நம்மிடைத் தலைதூக்குகின்றது. அவ்வார்வத்தை யாம் இகழ்ந்திலேம். ஆயின் பாட்டைப் படித்த பின்னரே அதற்கு இடந்தருதல் முறை.

தொல்காப்பியர் கனவுக்கு இரண்டு இடங்களில் இடமளித்துள்ளார். மெய்ப்பாட்டியலில், துயில் மறுத்தலை அடுத்துக் கனவொடு மயங்குதல் வைக்கப்பெற்றது. அங்குக் கனவு மெய்யின்கண் தோன்றும் குறி. பொருளியலில் நிலைமை வேறு. நெஞ்சை உறுப்பும் உணர்வும் உடையதுபோலக் கொண்டு பேசுதல், பேசா இயல்பினவற்றோடு பேசுதல் முதலாயினவற்றைக் கூறிய நூற்பாவை அடுத்தே, அத்தகைய இடத்துக் கனவுக்கும் உரிமை உண்டு என்று விதிக்கின்றார். உடன்போக்கு நிகழ்ந்தவழி அவ்வுரிமையைத் தாய்க்கும் நீட்டுகின்றார். நெஞ்சோடு பேசுவதையும் கனவையும் அடுத்தடுத்து வைத்தமை தற்செயலாக இருத்தல் இயலாது. இரண்டும் கேட்போர் இல்லாத இடத்தில் பேச்சு பிறக்கும் வகையைச் சார்ந்தவை. குறுந்தொகை 147ஆம் பாட்டில் கோப்பெருஞ்சோழன் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுகின்றான். பிரிந்து சென்ற தலைவன், தலைவியைக் கொணர்ந்து காட்டிப் பின் உறக்கத்தையும் கலைத்த கனவையே முன்னிலைப்படுத்திப் பேசுகின்றான். துணையைப் பிரிந்தவர் உன்னை இகழார் என்று அதற்கு ஆறுதலும் கூறுகின்றான். கேட்பதற்கு ஆளில்லாமையால் கனவே கேட்போனாகின்றது.

குறுந்தொகை 30ஆம் பாட்டு இப்பொருளில் தலைமை சான்றது. பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார். திருமணத்திற்கு வேண்டுவன செய்தற்பொருட்டே தலைவன் பிரிந்தான். அங்ஙனமாகவும் ஆற்றாயாயது ஏன் எனத் தோழி வினவுகின்றாள். வினா நியாயமானது. அதனை மறுத்தற்குத் தலைவியிடம் காரணம் எதுவும் இல்லை. எனவே அவள் ஒரு கனவைச் சொல்கின்றாள். பொய்கூற வல்லவனாகிய அவன் தன் மெய்யைத் தழுவியதாக, மெய்போன்ற பொய்க்கனவு மருட்ட, விழித்தெழுந்து, அவனெனக் கருதிப் படுக்கையைத் தடவியதாகக் கூறுகின்றாள். இப்பாட்டின் உயிர் அத்தடவுதலில் உள்ளது. கண் விழித்துவிட்டது, கை இன்னும் விழிக்கவில்லை. கனவு முடிந்த பின்னும் ஒரு கணம் அவள் உடல் கனவையே நம்பியிருக்கின்றது.

இங்கு இருவேறு காலத்து அறிவுகள் ஒரே கூற்றில் அடங்கியிருத்தலைக் காண்க. கண்டபொழுது அவள் அதனைப் பொய் என அறியாள். தோழியிடம் உரைக்கும்பொழுது அறிவாள். பொய் என்னும் சொல் உரைக்கும் வேளைக்கு உரியது. தலைவனைப் பொய்வல்லான் என்றும் கனவைப் பொய் என்றும் ஒருங்கே சுட்டுதலால், அவன்மேல் வைத்த பழி கனவின்மேலும் படர்கின்றது. அவன் வாராமையும் கனவு வந்தமையும் அவளுக்கு ஒரே ஏமாற்றத்தின் இருபுறங்கள். கனவினுள்ளேயே அவள் தெளிந்திருப்பாளாயின் கை படுக்கையைத் தேடியிராது. தோழிக்குக் கூறத்தக்க விடையும் இல்லாது போயிருக்கும். மயக்கமே அவள் தரும் மறுமொழி. நியாயத்தால் வந்த வினாவிற்கு, நியாயத்திற்கு அடங்காத ஒன்றை அவள் எடுத்து முன்வைக்கின்றாள்.

அகநானூறு 39ஆம் பாட்டில் உரைப்பவன் தலைவன். கேட்பவள் அவன் கனவில் வந்த தலைவியே. மதுரைச் செங்கண்ணனார் பாடியது. பொருளீட்டி மீண்டவன், தன்னை மறந்தான் எனக் கருதும் மனைவிக்குச் சுரத்திடைக் கண்ட கனவை எடுத்துரைக்கின்றான். கனவில் அவள் புலந்து நின்றாள். அவன் அவள் கூந்தலைக் கோதினான். கோதிய அந்நல்ல வேளையில் கனவு அவன் கையை வெறுங்கையாகக் காட்டிவிட்டது. நன்னாகையாரின் தலைவி வெறும் படுக்கையைத் தொட்டாள். இவன் வெறுங்கையைக் கண்டான். இரு புலவரும் விழிப்பைத் தொடுவுணர்வால் உணர்த்தியமை பெரிதும் போற்றத்தக்கது. ஆயினும் உரைத்தலின் பயன் வேறுபடுகின்றது. தலைவி தன் ஆற்றாமைக்குக் கனவைக் காரணமாகக் காட்டினாள். தலைவனோ தான் மறவாமைக்கு அதனைச் சான்றாகக் காட்டுகின்றான். வேறு சான்று கொணர இயலாத இடத்து, மனைவி கணவன் சொல்லை நம்புதல் ஒன்றே வழி.

நம்பாத மனைவியும் உண்டு. கலித்தொகை 92ஆம் பாட்டின் தலைவன், சோலையிடத்து மகளிர் பலரைக் கண்டதாக நீண்டதொரு கனவைத் தன் மனைவிக்கு உரைக்கின்றான். நனவில் ஒழுகியதைக் கனவின்மேல் ஏற்றிச் சொல்கின்றாய் என்பதை அவள் உடனே கண்டுகொள்கின்றாள். கனவைக் கூறுதல் குற்றத்தை மறைத்தற்கும் பயன்படும் என்பதை மருதம் பாடியவர் நகையோடு காட்டிவிட்டார். கபிலர் பாடிய அகநானூறு 158இல் இதன் மறுதலையைக் காண்கின்றோம். இரவில் மகள் அணிபுனைந்து வெளிச்சென்று மீண்டதைத் தாய் கண்ணாற் கண்டுவிட்டாள். தோழியோ, நனவேபோல வந்து உறங்குவாரைக் கனவு மருட்டுதலும் உண்டு என்று கூறி, தாய் கண்ட உண்மையைக் கனவாக்கி விடுகின்றாள். கூகை குழறினும் நடுங்குபவள் தனியே செல்வாளோ என்று துணைக்காரணமும் அடுக்குகின்றாள். ஒருவன் நனவைக் கனவென்று தன் பிழையை மறைக்கின்றான். ஒருத்தி நனவைக் கனவென்று பிறர் காதலைக் காக்கின்றாள். இருவர்க்கும் வாய்ப்பாவது ஒன்றே: கனவுக்குச் சாட்சி இல்லை.

இச்சாட்சியின்மையை முற்ற உணர்ந்து பாடியவர் வள்ளுவரே என்பது எம் கருத்து. கனவுநிலையுரைத்தலாவது தலைவி தான் கண்ட கனவின் நிலையைத் தோழிக்குக் கூறுதல் என்றும், நனவின்கண் நினைவால் அது தோன்றுதலின் நினைந்தவர் புலம்பலின்பின் வைக்கப்பட்டது என்றும் பரிமேலழகர் விளக்குவர். இவ்வதிகாரத்துத் தலைவி, நன்னாகையாரின் தலைவியைப் போல மயங்கியவளல்லள். கனவு இன்னதென அறிந்து, அதன் மதிப்பை எடைபோடுபவள். முதற் குறளில், தூதோடு வந்த கனவுக்கு என்ன விருந்து செய்வேன் என்கின்றாள். 1215இல், நனவிற் கண்ட இன்பமும் கண்ட அப்பொழுதளவே. கனவும் காணும் பொழுது இனிதே என்று இரண்டையும் ஒரே துலாக்கோலில் நிறுக்கின்றாள். 1216இல், நனவு என ஒன்று இல்லையாயின் காதலர் தன்னை நீங்கார் என்கின்றாள். பிறர் கனவை நனவினிடை வந்த குறுக்கீடாகக் கருதுவர். இவளுக்கு நனவே குறுக்கீடு.

மேலே குறித்த ஆர்வலர் எடுத்துக்காட்டத்தக்க குறள் ஒன்று உண்டெனில், அது 1212ஆம் குறளே. தன் வேண்டுகோளுக்கு இணங்கி, கயல்போன்ற தன் கண்கள் உறங்குமாயின், கனவிற் கலந்த காதலர்க்குத் தான் உயிரோடிருக்கும் நிலையை எடுத்துரைப்பேன் என்கின்றாள் தலைவி. உறங்குமுன்னரே, கனவினுள் செய்ய வேண்டுவதை அவள் முடிவு செய்துகொள்கின்றாள். தெளிநிலைக் கனவைப் பழகுவோர்க்கு லபெர்ஜ் வகுத்த முறைகளுள் ஒன்றும், உறங்குமுன் உள்ளத்தில் ஓர் உறுதியை ஊன்றிக்கொள்ளுதலே. ஒப்புமை வெளிப்படை, அதனை மறைத்தல் நேர்மையாகாது.

ஆயின் இருவர்தம் உறுதிகளும் ஒன்றல்ல. பழகுவோன், காண்பது கனவு என்பதை அங்கே நான் அறிவேன் என்று உறுதி கொள்கின்றான். தலைவியோ, அவரிடம் அங்கே நான் சொல்வேன் என்று உறுதி கொள்கின்றாள். சொல்லுதல் பயன்பட வேண்டுமாயின், கேட்பவர் அவரே என்னும் நம்பிக்கை கனவினுள் சிதையாதிருத்தல் வேண்டும். கனவினுள் தெளிவு வந்துவிடின், எதிர்நிற்பது தன் நினைவின் நிழலே என்பது புலப்பட்டு, தூது தனக்குத்தானே பேசும் பேச்சாகிவிடும். அவள் வேண்டுவது மயக்கத்தையே. அம்மயக்கத்தை முன்கூட்டித் திட்டமிடுகின்றாள் என்பதே இக்குறளின் புதுமை. பரிமேலழகர் இதனைத் தூதுவிடக் கருதியவள் கூற்றாகக் கொண்டு, ஈற்றில் நின்ற மன் என்னும் இடைச்சொல்லுக்கு ஒழியிசைப் பொருள் கண்டு, கண்கள் உறங்கா, சொல்லுதலும் கூடாது என முடிப்பர். ஆகவே திட்டம் திட்டமாகவே நின்றுவிட்டது. ஆய்வுக்கூடத்தில் உறங்குவோன் கண்களை ஏவுகின்றான். இவள் கண்களிடம் இரக்கின்றாள். ஒப்பிட விரும்புவோர் இவ்வேறுபாட்டையும் உடன் கூறுதல் கடன். யாம் இங்கு எடுத்துக்கொண்ட பாடல்களுள், இது கனவு என்னும் அறிவு கனவின் நடுவே தோன்றியதாக ஒன்றும் இல்லை. அவ்வறிவு உறங்குமுன் உண்டு, உரைக்கும்பொழுதும் உண்டு.

அதிகாரத்தின் இறுதிக் குறள்களில் கேட்போர் வட்டம் விரிகின்றது. பரிமேலழகர் இவற்றைத் தலைவனைப் பழித்த தோழிக்குத் தலைவி அவன் இயல்பை உயர்த்திக் கூறியனவாகக் கொள்வர். நனவில் வந்து அருளாமைக்காக அவரை நோவார், அவரைக் கனவிற் காணாதவரே என்கின்றது 1219. நனவில் நம்மைப் பிரிந்தார் என்று பழிக்கும் இவ்வூரார், அவரைக் கனவில் காண்பதில்லை போலும் என்கின்றது 1220. இதனைப் பேதைமைக் கூற்றென்று கொள்வாரும் உளர். அங்ஙனம் கொள்ளின் குறள் சிறுத்துவிடும். ஊரார் காணார் என்பது அவளுக்குத் தெரியும், தெரிந்தே கூறுகின்றாள். களவுக் காலத்தில் இவ்வூர் எல்லாவற்றையும் அறிந்து அலர் தூற்றியது. மறைவாக நிகழ்ந்த சந்திப்பு ஒன்றும் அதன் கண்ணுக்குத் தப்பவில்லை. இன்று அவன் நாள்தோறும் வருகின்றான், ஊர் அறியவில்லை. ஊரறியாத களவு கனவு ஒன்றே. அதனை ஊருக்கு மெய்ப்பிக்க அவளால் இயலாது. தோழியிடம் சொல்ல மட்டும் இயலும். தோழி நம்பினாள் என்றோ நம்பவில்லை என்றோ வள்ளுவர் கூறவில்லை.

நாச்சியார் திருமொழியின் ஆறாம் பதிகத்தைப் பற்றி இரண்டொரு சொற்கள் போதும். ஆயிரம் யானைகள் சூழ நம்பி வருதல் தொடங்கி, பந்தற்கீழ்க் கைப்பிடித்தல், தீவலஞ் செய்தல், அம்மி மிதித்தல், பொரி இடுதல் எனத் திருமணச் சடங்குகள் ஒவ்வொன்றையும் கனவிற் கண்டதாக ஆண்டாள் தோழிக்கு உரைக்கின்றார். பாட்டுத்தோறும் தோழி அழைக்கப்படுகின்றாள். பாட்டுத்தோறும் கனவு என்பது கூறப்படுகின்றது. ஆயின் விழித்தமை எங்கும் கூறப்படவில்லை. தடவுதற்குப் படுக்கை இல்லை. காண்பதற்கு வெறுங்கை இல்லை. கனவு என்று பத்து முறை சொல்லியும் பொய் என்று ஒருமுறையும் சொல்லாமை, அகமரபிலிருந்து பக்தி பிரிந்து செல்லும் இடம் எனலாம்.

உரைத்த கனவுகளையே இதுவரை கண்டோம். உரைக்க வேண்டியவரிடம் உரைக்கப்படாத கனவுகளும் நம் இலக்கியத்தில் உள. சிலப்பதிகாரத்தின் துயரம் அவற்றின்மேல் நிற்கின்றது. கணவனைப் பெறுக எனத் தேவந்தி வாழ்த்த, கனவு ஒன்றால் தன் நெஞ்சு ஐயுறுவதாகக் கண்ணகி மறுமொழி கூறுகின்றாள். கணவன் தன் கைப்பற்றி அழைத்துச் செல்ல, இருவரும் பெருநகர் ஒன்று புகுந்ததையும், அவ்வூரார் தம்மேல் அடாத பழி சுமத்தியதையும், கோவலற்குத் தீங்கு நேர்ந்ததையும், தான் அரசன்முன் வழக்குரைத்ததையும், அரசனும் ஊரும் கெட்டதையும் கூறுகின்றாள். இறுதியில் தாம் இருவரும் பெற்ற பேற்றைச் சொன்னால் நீ நகைப்பாய் என்று நிறுத்திக்கொள்கின்றாள். கேட்ட தேவந்தி, கணவன் வெறுத்தான் அல்லன், முற்பிறப்பில் நோன்பொன்று தவறியதன் பயன் இது என்று கூறி, சோமகுண்டம் சூரியகுண்டம் என்னும் துறைகளில் நீராடிக் காமவேளை வழிபடுமாறு வழிகாட்டுகின்றாள். சொல்லப்பட்டது நகரின் அழிவு. கேட்கப்பட்டது கணவனைப் பெறும் ஏக்கம். கேட்போர் நல்லவராயிருந்தும் கேளாதவராதல் உண்டு என்பதற்கு இதனிற் சிறந்த இடம் எமக்குத் தெரிந்தவரை இல்லை. கண்ணகி அவ்வழிபாட்டைப் பெருமையன்று என மறுக்கின்றாள்.

அந்நேரத்திலேயே கோவலன் வாயிலில் வந்து நிற்கின்றான். கண்ணகி அவனுக்குச் சிலம்பைத் தர முன்வருகின்றாள், கனவைச் சொல்லவில்லை. கனவிற் கண்டவாறே அவன் அவளை அழைத்துக்கொண்டு பெருநகரை நோக்கிப் புறப்படுகின்றான். பின்னர் மதுரைப் புறத்தே கோவலனும் தன் மனைவி நடுங்கவும் தான் துயருறவும் கண்ட தீக்கனவை உரைக்கின்றான். உரைப்பது மாடல மறையோனிடம். ஒருவரையொருவர் கனவிற் கண்ட கணவனும் மனைவியும் அக்கனவுகளை ஒருவருக்கொருவர் கூறாது வேறு இருவரிடம் கூறியமையைக் கனவுகளை நிமித்தமாக மட்டும் எண்ணிச் செல்வோர் காண்பதில்லை. உரிய துணையிடமே கனவை உரைத்தவள் அந்நூலில் கோப்பெருந்தேவி ஒருத்தியே. அவள் தன் தீக்கனவை உரைப்பப் பாண்டியன் கேட்டு அரியணையில் அமர்ந்திருந்தான். அப்பொழுது, ஒற்றைச் சிலம்போடு ஒருத்தி வாயிலில் நிற்கின்றாள் என்று காவலன் வந்து கூறினான்.